பெட்ரோலின் பொறுமை

 

வட்டக்கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே ஆறேழு கிலோமீட்டர் தொலைவில், கடலின் விளிம்பிலேயே அமைந்த கருங்கல் கோட்டை அது. 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுப் படையை வென்ற மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில், அதே போரில் சிறைப்பட்டுப் பின்னர் அவருடைய படையையே பயிற்றுவித்த டிலனாய் என்னும் தளபதி வலுப்படுத்திய கோட்டை என்று வரலாறு கூறுகிறது. மதிலின் உயரம் 25 அடி. அதன் முன்புறக் கனம் 29 அடி. பெயர் வட்டக்கோட்டை என்றாலும் மதிலின் மேல் நடந்து பார்த்தால் வட்டம் எங்கும் இல்லை. அது செவ்வக வடிவானது. பெயரை மட்டும் கேட்டு வடிவத்தை முடிவு செய்கிறவர் ஏமாந்துதான் போவார்.

2022ஆம் ஆண்டு ஒரு விடுமுறை நாளில் மதரஸாப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். அஸர் தொழுகையை முடித்துவிட்டு வெளியே நின்றிருந்தபோது ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவன் முன்பு என்னிடம் குர்ஆன் ஓதிய மாணவன். ஷார்ஜாவில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தான். ஸலாம் கூறி, பிள்ளைகளையெல்லாம் விசாரித்துவிட்டு, “உஸ்தாத், ஒரு சுற்று வாருங்கள்” என்று என்னை ஏற்றிக்கொண்டான்.

சாலையில் ஏறி அவன் ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் வண்டி பாய்ந்தது. அதனுடன் இன்னொன்றும் கேட்டது. ஒரு தகரப் பெட்டிக்குள் சிறு கற்களைப் போட்டுக் குலுக்குவதைப் போன்ற ஓசை. “இது என்ன சத்தம், தம்பி?” என்று கேட்டேன். “எஞ்சினை ட்யூன் செய்திருக்கிறேன், உஸ்தாத். சக்தி கூடினால் சத்தமும் இருக்கத்தானே செய்யும்” என்று சிரித்துவிட்டுப் பாட்டின் ஒலியைக் கூட்டினான். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழிந்து, திருநெல்வேலியில் ஒரு நிக்காஹுக்காக உம்மாவையும் உடன்பிறந்தாளையும் ஏற்றிக்கொண்டு போனபோது, முப்பந்தலைத் தாண்டும் முன்பே அந்த எஞ்சின் புகை கக்கி நின்றுவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், எவருக்கும் எந்தத் தீங்கும் இல்லை. ஆனால் எஞ்சினைப் பிரித்த மெக்கானிக் எடுத்துக்காட்டிய பிஸ்டனை நானும் பார்த்தேன். அதன் விளிம்பு எலி கடித்த ரொட்டியைப் போல அரிக்கப்பட்டு, ஒரு பக்கம் உடைந்திருந்தது.

நான் கலைப் பட்டதாரி. எஞ்சின் பயின்றவன் அல்லன். ஆயினும் அந்தப் பிஸ்டன் என்னை விடவில்லை. மெக்கானிக்கிடம் கேட்டும், நூல்களைத் தேடிப் படித்தும் நான் விளங்கிக்கொண்டதை இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். வீட்டில் வண்டி வைத்திருக்கும் அனைவரும் அறிய வேண்டிய செய்தி இது. வண்டி இல்லாதவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

இமாமை முந்தும் தொழுகையாளி

பெட்ரோல் எஞ்சினுக்குள் நடப்பது என்ன? பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்து சிலிண்டருக்குள் வருகின்றன. பிஸ்டன் மேலே ஏறும்போது அந்தக் கலவை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படுகிறது. நெருக்கினால் சூடேறும் என்பது சைக்கிளுக்குக் காற்றடித்துப் பம்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிஸ்டன் உச்சியை அடையச் சற்று முன்பு ஸ்பார்க் பிளக் ஒரு பொறியை எழுப்புகிறது. அந்தப் பொறியிலிருந்து தீ ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒழுங்காகப் பரவி, பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் இது ஒரு வினாடிக்கு 25 முறை நடக்கிறது. சுப்ஹானல்லாஹ்!

இதை ஜமாஅத் தொழுகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொறி என்பது இமாமின் தக்பீர். தக்பீரைக் கேட்டு முதல் வரிசையும், பின்னர் அடுத்தடுத்த வரிசைகளும் ருகூவுக்குக் குனிகின்றன. எஞ்சின் சரியாக ஓடும்போது கடைசி வரிசையில் இருக்கும் கலவை, தீ தன்னிடம் வந்து சேரும் வரை காத்திருக்கிறது.

ஆனால் அந்தக் கடைசி வரிசையின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். பிஸ்டனும் நெருக்குகிறது, முன்னால் எரிந்து விரியும் வாயுவும் நெருக்குகிறது. சூடு ஏறிக்கொண்டே போகிறது. அதனால் தாங்க முடியாமல் போனால், தீ வந்து சேருமுன்பே அது தானாகவே ஒரே நொடியில் பற்றிக்கொள்கிறது. இமாம் குனியுமுன் ருகூவுக்குப் போன தொழுகையாளியின் நிலைதான் அதற்கும். அப்போது எழும் அழுத்த அலை சிலிண்டரின் சுவர்களில் வினாடிக்குப் பல ஆயிரம் முறை மோதி அதிர்கிறது. நாம் கேட்கும் ‘கடகட’ ஓசை அதுதான். மெக்கானிக்குகள் இதை ‘நாக்கிங்’ என்பார்கள். எஞ்சின் தட்டுகிறது என்றும் சொல்வார்கள்.

ஓசையோடு நின்றுவிட்டால் கவலையில்லை. சாதாரணமாகப் பிஸ்டனின் மேல் மெல்லிய வாயுப்படலம் ஒன்று போர்வையாக இருந்து அதைத் தீயின் சூட்டிலிருந்து காக்கிறது. இந்த அதிர்வு அப்போர்வையைக் கிழித்துவிடுகிறது. பிறகு உலோகம் நேராகச் சூட்டை வாங்குகிறது. முதலில் ஊசி குத்தியது போன்ற சிறு குழிகள் விழும். பின்னர் பிஸ்டன் வளையங்களைத் தாங்கும் விளிம்பு உடையும். சில வேளை ஹெட் கேஸ்கட்டும் போய்விடும். எப்போதாவது மெல்லத் தட்டும் எஞ்சின் பல காலம் உழைக்கலாம். கடுஞ்சுமையில், தொடர்ந்து, பலமாகத் தட்டும் எஞ்சின் வெகு நாள் தாங்காது.

எண் எதைக் குறிக்கிறது?

இந்த இடத்தில்தான் ஆக்டேன் என்னும் சொல் வருகிறது. பெட்ரோல் பங்க்குகளில் 95, 100 என்று எண்களைப் பார்த்திருப்பீர்கள். எண் கூடினால் பெட்ரோலில் சக்தி கூடுதல் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். என் மாணவனும் அப்படித்தான் எண்ணினான். வட்டக்கோட்டை என்ற பெயரைக் கேட்டு வட்டத்தைத் தேடுவது போன்றது இது. அந்த எண் பெட்ரோலின் சக்தியை அளப்பதே இல்லை. நெருக்கடியில், சூட்டில், தன் முறை வரும் வரை தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதையே அது அளக்கிறது. ஒரே சொல்லில் கூறினால், ஆக்டேன் என்பது பெட்ரோலின் ஸப்ர்.

இதை அளக்கும் முறையும் எளியது. ஐஸோஆக்டேன் என்னும் திரவம் நன்றாகத் தாங்கும். அதற்கு 100 என்று பெயர் வைத்தார்கள். ஹெப்டேன் என்னும் திரவம் சிறிதும் தாங்காது, அதற்கு 0. சோதனைக்கென்றே செய்யப்பட்ட ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பெட்ரோலை ஊற்றி ஓட்டிப் பார்க்கிறார்கள். 91 பங்கு ஐஸோஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை எந்த அளவில் தட்டத் தொடங்குமோ அதே அளவில் அந்தப் பெட்ரோலும் தட்டினால், அது 91 ஆக்டேன். நம் நாட்டில் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்படி சாதாரணப் பெட்ரோலுக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவாக அதுவே இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் மதுரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரான 100 ஆக்டேன் பெட்ரோலைச் சில நகரங்களில் விற்கத் தொடங்கியது.

அப்படியானால் ஆக்டேன் கூடினால் வண்டி வேகமாக ஓடாதா? ஓடும், அந்தப் பொறுமையைப் பயன்படுத்தும்படி எஞ்சின் அமைந்திருந்தால் மட்டும். 1940இல் பிரிட்டனின் போர் விமானங்கள் 87 ஆக்டேனிலிருந்து 100 ஆக்டேனுக்கு மாறின. எஞ்சின் அதேதான். பெட்ரோல் கூடுதலாகத் தாங்கியதால் காற்றை இன்னும் அழுத்தி உள்ளே செலுத்த முடிந்தது. விமானத்தின் வலிமை பெருகியது. 91க்கென்று செய்யப்பட்ட சாதாரணக் காரில் 100 ஆக்டேனை ஊற்றினால் பெரிய பயன் ஒன்றும் இல்லை. பணம்தான் கூடுதலாகச் செலவாகும். ஆனால் 100க்கென்று ட்யூன் செய்த காரில் 91ஐ ஊற்றினால், பணத்தோடு எஞ்சினும் போகும்.

என் மாணவனின் காரில் நடந்தது இதுவே. அமீரகத்தில் பெட்ரோல் 91, 95, 98 என்று மூன்று வகையாகக் கிடைக்கும். அங்கே 98 ஊற்றி ஓட்டிப் பழகியவன், இங்கு வந்து பழைய டர்போ கார் ஒன்றை வாங்கி, வெளியூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் டர்போவின் அழுத்தத்தைக் கூட்டி, பொறி எழும் நேரத்தையும் முன்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறான். உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலை மட்டுமே ஊற்ற வேண்டும் என்று அவனிடம் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். சில வாரம் அவ்வாறே செய்தான். பிறகு அருகிலுள்ள பங்க்குகளில் கிடைக்கவில்லை, விலையும் கட்டுப்படியாகவில்லை. சாதாரணப் பெட்ரோலை ஊற்றினான். தட்டத் தொடங்கியது.

அவன் செய்த இன்னொரு செயல்தான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. இக்கால எஞ்சின்களில் ‘நாக் சென்சார்’ என்னும் சிறு கருவி பொருத்தப்பட்டிருக்கும். எஞ்சினின் உடலில் அந்த அதிர்வு எழுந்தவுடன் அது உணர்ந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் பொறியின் நேரத்தைச் சற்றுத் தாமதப்படுத்தும். வேகம் கொஞ்சம் குறையும், எஞ்சின் பிழைக்கும். அவனுடைய காரிலும் அக்கருவி இருந்தது. “அது வண்டியை அடக்கி அடக்கி வைக்கிறது” என்று சொல்லி, அதன் உணர்வை மட்டுப்படுத்தும்படி அவனே கேட்டுக்கொண்டானாம். எச்சரிப்பவனின் வாயை அடைத்தான். மீதியிருந்த ஓசையைப் பாட்டால் மூடினான்.

ட்யூன் செய்வதே பெருங்குற்றம் என்று நான் கூறவில்லை. அது அறிவும் உழைப்பும் வேண்டிய கலை. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்திலும், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்திலும் நம் தமிழ்நாட்டு இளைஞர்கள் அதில் பெயர் பெற்றிருக்கிறார்கள். கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். ஆனால் பந்தயக்காரர் எரிபொருளை முதலில் பார்க்கிறார். எஞ்சினை அதற்குப் பிறகே முறுக்குகிறார். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பின்னர் அளந்து பார்க்கிறார். உம்மாவை ஏற்றிக்கொண்டு பொதுச்சாலையில் செல்பவனுக்கு அந்த அளவும் இல்லை, அந்தத் தளமும் இல்லை.

நஞ்சு கொடுத்து வாங்கிய பொறுமை

வாசகர்களே! பொறுமையைக் குறுக்கு வழியில் வாங்க முயன்ற கதை உலக அளவிலும் ஒன்று உண்டு.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் கார்கள் பெருகியபோது இதே தட்டல் பெரிய தொல்லையாக இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி எத்தனையோ பொருள்களைப் பெட்ரோலில் கலந்து பார்த்தார். 1921 டிசம்பர் 9ஆம் நாள் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தபோது தட்டல் அடியோடு நின்றது. ஒரு காலனுக்குச் சில கிராம் போதும். மலிவு; எளிது. எத்தில் ஆல்கஹாலைக் கலந்தாலும் தட்டல் நிற்கும் என்பது அதே ஆய்வாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் அதை நிறையக் கலக்க வேண்டும்; எவரும் காய்ச்சக்கூடிய அந்தப் பொருளுக்குத் தனியுரிமை பெறவும் முடியாது. ஆகவே ஈயமே வென்றது.

ஈயம் நஞ்சு என்பது அன்றும் எவருக்கும் புதிய செய்தி அல்ல. 1924 அக்டோபரில் நியூஜெர்சியில் அச்சேர்மத்தைத் தயாரித்த ஆலையில் 5 தொழிலாளர்கள் அறிவு கலங்கி இறந்தார்கள். அது எச்சரிக்கை, அந்த ஓசையும் மூடப்பட்டது. சில மாதத் தடைக்குப் பிறகு விற்பனை தொடர்ந்தது. பல பத்தாண்டுகள் உலகமெங்கும் கார்களின் புகையில் ஈயம் வெளியேறி, மண்ணில் படிந்து, குழந்தைகளின் இரத்தத்தில் சேர்ந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது குன்றச் செய்கிறது. பூமியின் வயதைக் கணக்கிட்ட அறிவியலாளர் கிளேர் பேட்டர்சன், தம் ஆய்வுக்கூடத்தில் எங்கு பார்த்தாலும் ஈயத் தூசு படிந்திருப்பதைக் கண்டு, அது வந்த வழியைத் தேடி, 1960களிலிருந்து அதற்கெதிராகக் குரல் கொடுத்தார்.

நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் அறிமுகமானது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. உலகில் கடைசியாக 2021 ஜூலையில் அல்ஜீரியாவில் கார்களுக்கான ஈயப் பெட்ரோல் விற்பனை முடிவுக்கு வந்தது. 1921 முதல் 2021 வரை நூறு ஆண்டுகள்! இந்த முடிவால் ஆண்டுதோறும் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட அகால மரணங்கள் தவிர்க்கப்படுவதாக ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு மதிப்பிட்டது. எஞ்சினின் ஓசையை அடக்க நாம் எவ்வளவு விலை கொடுத்தோம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அன்று ஒதுக்கப்பட்ட ஆல்கஹால் இன்று திரும்பி வந்திருக்கிறது. கரும்பிலிருந்தும் தானியங்களிலிருந்தும் எடுக்கப்படும் எத்தனாலை 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் நம் நாட்டில் அறிமுகமாகி, 2025இல் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனாலின் ஆக்டேன் எண் நூறுக்கும் மேல். ஆகவே கலவையின் ஆக்டேன் 95 அளவுக்கு உயர்ந்திருப்பதாக அரசு கூறுகிறது. ஆனால் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி பெட்ரோலைவிடக் குறைவு. ஆகவே மைலேஜ் சற்றுக் குறையும். பொறுமை வேறு, சக்தி வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? மேலும், பழைய பெட்ரோலுக்கென்று ட்யூன் செய்த வண்டியைத் தக்கவரிடம் காட்டி மறுபடி சரிபார்ப்பது நல்லது. ஏனெனில் அதே அளவு காற்றுக்கு இந்தக் கலவை சற்று அதிகமாகச் செல்ல வேண்டும். அளவு குறைந்தால் எஞ்சின் சூடேறும், மறுபடி தட்டும்.

“ஆல்கஹால் கலந்த பெட்ரோலை நாம் வண்டிக்கு ஊற்றலாமா?” என்று சகோதரிகள் சிலர் என்னிடம் கேட்டார்கள். நல்ல கேள்வி. நான் ஃபத்வா வழங்கும் முஃப்தி அல்லன். எரிபொருளுக்கான எத்தனால், குடிக்க இயலாதபடி பிற பொருள் சேர்த்து மாற்றப்பட்டே வருகிறது. அது எரிக்கப்படுவதற்கே தவிர அருந்தப்படுவதற்கு அன்று. ஆடையில் பட்டால் என்ன செய்வது போன்ற நுணுக்கமான ஐயங்களை உங்கள் மஹல்லாவின் ஆலிம்களிடம் உங்கள் மத்ஹபின்படி கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

கலப்படக்காரனின் தராசு

பொறுமையைத் திருடுபவர்களும் உண்டு. மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிகக் குறைவு. அதைப் பெட்ரோலில் கலந்தால் விற்பவனுக்கு இலாபம்; வாங்கியவனின் எஞ்சின் தட்டத் தொடங்கும். மானிய மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் ஏற்றப்பட்டது இத்தகைய திருட்டைக் கண்டுபிடிப்பதற்காகத்தான். 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில், கலப்படம் செய்த பங்க்கின் மீது நடவடிக்கை எடுத்த இந்தியன் ஆயில் அதிகாரி சண்முகம் மஞ்சுநாத் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 27. குற்றவாளிகளின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2015இல் உறுதிசெய்தது. அளவையில் மோசடி செய்வோரைப் பற்றித் திருமறையில் ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. வியாபாரம் செய்யும் நம் சகோதரர்கள் அந்த இளைஞரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் நம் சமுதாயத்தவர் அல்லர். ஆனால் நாம் ஓதுவதை அவர் செய்துகாட்டினார்.

இனி நடைமுறைக்கு வருவோம். உங்கள் வண்டிக்கு எத்தனை ஆக்டேன் வேண்டும் என்பது வண்டியுடன் தரும் கையேட்டிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ எழுதப்பட்டிருக்கும். அதற்குக் குறைவாக ஊற்றாதீர்கள். மிகையாக ஊற்றிப் பணத்தை வீணாக்கவும் வேண்டாம். அது இஸ்ராஃப். மேட்டில் ஏறும்போது பெரிய கியரிலேயே வைத்து மிதித்தாலும் எஞ்சின் தட்டும், கியரைக் குறையுங்கள். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானாலும், உள்ளே கரி படிந்தாலும் தட்டும். குளிர்விக்கும் நீரையும் ஸ்பார்க் பிளக்கையும் கவனியுங்கள். ஒரு பங்க்கில் ஊற்றியது முதல் புதிதாகத் தட்டினால் அந்தப் பெட்ரோலையும் ஐயப்படுங்கள். பங்க்கில் வடிதாள் கொண்டு சோதித்துக் காட்டும்படி கேட்பது உங்கள் உரிமை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஓசை கேட்டால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். பாட்டின் ஒலியைக் கூட்டாதீர்கள்.

நான் கேட்காமல் விட்ட ஓசை

அந்தத் தம்பியின் கதையை முடிக்கவில்லை. எஞ்சின் உடைந்த மூன்றாம் நாள் அவன் என் வீட்டுக்கு வந்தான். வண்டி வாங்கிய பணத்தில் பாதி உம்மாவின் வளையல்களை விற்ற பணம். ட்யூன் செய்த செலவோ வாப்பாவுக்குத் தெரியவே தெரியாது. “நீங்கள் சொன்னால் வாப்பா கேட்பார், உஸ்தாத்” என்று தலைகுனிந்து நின்றான்.

“தட்டுகிறது என்று தெரிந்ததும் ஏன் எவரிடமும் சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

அவன் சற்றுத் தயங்கினான். “சொல்லத் தொடங்கினாலே வாப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். முழுதும் சொல்லி முடிக்க விடமாட்டார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்” என்றான். பிறகு மெல்லச் சிரித்து, “மதரஸாவில் நீங்களும் அப்படித்தானே, உஸ்தாத். பாதி சொல்லும்போதே அதட்டிவிடுவீர்கள். அதனால் சொல்லாமலே இருந்து பழகிவிட்டேன்” என்றான்.

அவன் குறை கூறவில்லை, உள்ளதைச் சொன்னான். எனக்கோ அந்தப் பிஸ்டனை மறுபடி பார்த்தது போல இருந்தது. ஆண்டுக்கணக்கில் நான் பிள்ளைகளுக்கு ஸப்ரைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். சிறு சூட்டிலேயே, பிள்ளையின் வார்த்தை என்னிடம் வந்து சேருமுன்பே, நானே பற்றிக்கொண்டிருக்கிறேன். அந்த அதிர்ச்சி அவர்கள் உள்ளத்தில் குழி விழச் செய்ததை நான் பார்க்கவில்லை. மல்யுத்தத்தில் வெல்பவன் வீரன் அல்லன், கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நானே அவர்களுக்கு மனனம் செய்வித்தவன்.

இஷாவுக்குப் பிறகு அவனுடன் வீட்டுக்குப் போனேன். “காக்கா, மகன் சொல்லி முடிக்கும் வரை நீங்கள் ஒன்றும் பேசக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்” என்று அவன் வாப்பாவிடம் கேட்டுக்கொண்டேன். பாதியிலேயே அவர் முகம் சிவந்தது. எழுந்து கொல்லைப்புறம் போனார். தண்ணீர் விழும் ஓசை கேட்டது. ஒளுச் செய்துவிட்டு ஈரக் கையோடு வந்து மறுபடி உட்கார்ந்து, “சொல்லு, மோனே” என்றார். அவன் எல்லாவற்றையும் சொன்னான். எச்சரிக்கைக் கருவியைத் தானே மட்டுப்படுத்தியதையும் மறைக்கவில்லை.

எஞ்சின் பழுதுபார்க்கப்பட்டது; கம்பெனி அமைத்த பழைய அளவுக்கே மாற்றப்பட்டது. அவன் மறுபடி ஷார்ஜாவுக்குப் போய் மாதாமாதம் கடனை அடைத்து வருகிறான். உம்மாவின் வளையல்கள் இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் வாப்பாவிடம் தொலைபேசியில் நீண்ட நேரம் பேசுகிறான் என்று அவர் பெருமையுடன் சொல்கிறார்.

நம் பிள்ளைகள் மதரஸாவில் முதலில் மனனம் செய்யும் சிறிய அத்தியாயங்களில் அல்அஸ்ரும் ஒன்று. அதில் சத்தியமும் பொறுமையும் இணைத்தே பேசப்படுகின்றன. ஏன் இணைந்து வருகின்றன என்பதை அன்றிரவு நான் புதிதாக உணர்ந்தேன். பிள்ளை உண்மையைச் சொல்ல வேண்டுமானால், கேட்பவரிடம் பொறுமை இருக்க வேண்டும். பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் பொறுமை இல்லாத வீட்டில் உண்மை வாய் திறக்காது.

இன்றிரவு உங்கள் பிள்ளை ஏதோ சொல்ல வந்தால், அது எவ்வளவு கசப்பான செய்தியாக இருந்தாலும், கடைசிச் சொல் வரை காத்திருங்கள். என் வகுப்பில் நான் அதைத்தான் பழகி வருகிறேன். இன்னும் சில நாள் தவறிவிடுகிறேன். எனக்காகவும் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.